பட்டிமன்றம்: விடுதலை தந்தது அகிம்சையா, ஆயுதமா? காந்தி பக்கம் பேச ஒரு பிள்ளைக்கு உதவுங்கள்

தேரடித்தெரு (வெள்ளி, இரவு 9.10)

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் பட்டிமன்றம். தலைப்பு மேலே இருப்பதுதான். அவளுக்குக் கிடைத்தது அகிம்சை அணி. இணையத்தில் தேடினால் "அகிம்சை என்னும் அறவாளை ஏந்திய அண்ணல்" என்கிற மாதிரிதான் கிடைக்கிறது. அதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் நேற்று சாப்பிடும்போது, "அப்பா, நாம உப்பு காய்ச்சினா வெள்ளைக்காரன் எதுக்குப்பா ஊரை விட்டுப் போகணும்?" என்று கேட்டாள். சாம்பார் ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டேன். உண்மையிலேயே எனக்குப் பதில் தெரியவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புகழுரை வேண்டாம். எதிரணி மடக்கினால் நிற்கிற மாதிரி வேண்டும்.

கேள்விக்கணை (வெள்ளி, இரவு 9.31)

பாப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். உப்பு காய்ச்சியதால் யாரும் போகவில்லை. உலகப்போரில் பிரிட்டன் ஓட்டாண்டியானது, நேதாஜியின் படை, 1946 கடற்படைக் கலகம், இந்த மூன்றும்தான் காரணம். விடுதலை கொடுத்தபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த அட்லியே கல்கத்தாவில் சொல்லியிருக்கிறார், காந்தியின் பங்கு மிகவும் சொற்பம் என்று. பிரதமரே சொன்ன பிறகு நமக்கென்ன பட்டிமன்றம்? அணியை மாற்றச் சொல்லுங்கள்.

பழையபேப்பர் (வெள்ளி, இரவு 10.24)

கேள்விக்கணை, அந்த அட்லி கதையை முதலில் பார்த்துவிடுவோம். எல்லா வாட்ஸாப் குழுவிலும் சுற்றுவதால் எதிரணி கட்டாயம் அதை எடுக்கும்.

அட்லி 1956இல் கல்கத்தா வந்தபோது மேற்கு வங்கத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்தவர் நீதிபதி பி. பி. சக்ரவர்த்தி. தங்களுக்குள் நடந்த பேச்சு என்று அவர் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியதுதான் இதற்கு மூலம். கடிதம் எழுதிய ஆண்டு 1976. இருபது வருடம் கழித்து ஒருவர் நினைவிலிருந்து எழுதியது. அட்லி தன் கையால் எழுதியதோ, நாடாளுமன்றத்தில் பேசியதோ இல்லை. பொய் என்று சொல்லவில்லை. "அட்லியே சொன்னார்" என்று பேசுகிற அளவுக்கு அதில் கனம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, கடற்படைக் கலகத்துக்கு வருவோம். 1946 பிப்ரவரி 18, பம்பாயில் தல்வார் என்ற பயிற்சி நிலையத்தில் ஆரம்பித்தது. கெட்டுப்போன சோறு, இனத்தைச் சொல்லித் திட்டும் அதிகாரி, இதில் பற்றிய தீ 78 கப்பல்களுக்கும் 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. கராச்சியில் பீரங்கிச் சண்டையே நடந்தது. பம்பாய்த் தெருக்களில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். பெரிய நிகழ்ச்சிதான், பாடப்புத்தகம் அதற்கு இடம் கொடுக்காதது தப்புதான். ஆனால் ஆட்சி மாற்றம் பற்றிப் பேச அமைச்சர் குழுவை இந்தியாவுக்கு அனுப்புவதென்று லண்டன் ஜனவரியிலேயே முடிவெடுத்துவிட்டது. அறிவிப்பு கலகத்துக்கு மறுநாள் வந்ததால் ஒன்றால் மற்றொன்று நடந்தது போலத் தெரிகிறது. கலகம் அவர்களை அவசரப்படுத்தியிருக்கும், அதை மறுக்க மாட்டேன்.

தேரடித்தெரு, உங்கள் மகளின் கேள்விக்கு நாளை எழுதுகிறேன். ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை.

கேள்விக்கணை (வெள்ளி, இரவு 10.40)

ஆக, போரில் பிரிட்டன் நொடித்ததற்குப் பதில் இல்லை. குறித்துக்கொண்டேன்.

மாசிவீதி (சனி, காலை 7.05)

அது ஏன் உப்பு என்பதை முதலில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள் சார். கடற்கரையில் தானாக வெயிலில் படிந்த உப்பை ஒருவன் கையால் அள்ளினால் குற்றம். அதுதான் சட்டம். கஞ்சி குடிப்பவனும் ஜமீன்தாரும் கிட்டத்தட்ட ஒரே அளவு உப்புதான் தின்கிறார்கள், ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் இதில் சண்டை வர வழியே இல்லை. காங்கிரசுக்குள்ளேயே பலருக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. வைஸ்ராய் இர்வினும் உப்புப் போராட்டத்தை நினைத்து என் தூக்கம் கெடவில்லை என்று லண்டனுக்கு எழுதினார். 1930 மார்ச் 12இல் சபர்மதியிலிருந்து காந்தி தலைமையில் 78 பேர் புறப்பட்டார்கள். 24 நாள் நடை. ஏப்ரல் 6 காலையில் தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பு.

அந்த 24 நாளில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரயிலில் போயிருந்தால் ஒரே நாள், ஒரு படம், முடிந்துபோயிருக்கும். நடந்ததால் ஊர் ஊராகக் கூட்டம். கைது செய்தால் தியாகி ஆகிவிடுவார், விட்டால் அரசுக்கு மானம் போகும். அரசாங்கம் முழித்துக்கொண்டு நின்றது. தடியில்லாமல் அடிப்பது என்றால் இதுதான்.

நான் மதுரைக்காரன் என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீட்டு மாடியில்தான் அவர் சட்டையையும் தலைப்பாகையையும் விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். ஊர்ப்பெருமை என்று தள்ளிவிடாதீர்கள். வக்கீல் உடுப்பில் ஒருவர் வந்து "வரி கட்டாதே" என்றால் குடியானவன் மரியாதையாக எழுந்து நிற்பான். தன்னைப் போலவே உடுத்தியவன் சொன்னால் கேட்பான்.

கடலோடி (சனி, காலை 9.48)

உப்பு என்றதும் வந்துவிட்டேன், எனக்கு வேதாரண்யம் பக்கம்தான்.

ராஜாஜி திருச்சியிலிருந்து 1930 ஏப்ரல் 13 அன்று நூறு பேர் அளவில் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழி. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஓர் உத்தரவு போட்டார், இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில் என்று. தமுக்கு அடித்தும் சொன்னார்கள், துண்டறிக்கையும் கொடுத்தார்கள்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் வைத்தது? மரம் வைத்தது. மரத்தைப் பிடித்து ஜெயிலில் போடு!

என் தாத்தாவின் அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பாராம். எங்கள் வீட்டிலிருந்து போன பொட்டலத்தில் புளிசாதம்தான் என்று அடித்துச் சொல்வாராம். அதற்குச் சான்றெல்லாம் என்னிடம் இல்லை, கேட்காதீர்கள்.

ஏப்ரல் 28 வேதாரண்யம், 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளினார்கள். ராஜாஜிக்கு ஆறு மாதம். அப்புறம் சர்தார் வேதரத்தினத்தின் சொத்துகள் பறிபோயின.

எங்கள் ஊரில் இன்னொரு பெயரும் சொல்வார்கள். வைரப்பன், முடிதிருத்துபவர். சவரம் செய்துகொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்திருப்பவர் சத்தியாகிரகிகளை அடித்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை மடக்கிவிட்டார். அரை முகத்தோடு அந்த ஆள் எழுந்து போக வேண்டியதாயிற்று. வைரப்பனுக்கும் ஜெயில். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. ஒத்துழையாமை என்ற நீளமான சொல்லுக்குச் சின்னப் பிள்ளைகளிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

பழையபேப்பர் (சனி, பிற்பகல் 2.15)

கடலோடி என் பாதி வேலையைச் செய்துவிட்டார். மிச்சத்தைச் சொல்கிறேன்.

பாப்பாவின் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். வெள்ளைக்காரன் ஏன் போனான் என்பது இருக்கட்டும், எப்படி இருந்தான்? முப்பத்தைந்து கோடிப் பேரை ஆண்ட ஐசிஎஸ் என்ற உயர்நிர்வாகப் பணி அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அதிலும் வரவர இந்தியர்கள் கூடிக்கொண்டே போனார்கள். வரி வசூலித்தது கிராம முன்சீப். கணக்கு எழுதியது கர்ணம். தடியால் அடித்தது நம்மூர் ஏட்டு. கோர்ட்டில் வாதாடியது நம்மூர் வக்கீல். பட்டாளத்தில் சுட்டதும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டயர் உத்தரவு கொடுத்தான், 1,650 குண்டு வெடித்தது, அரசுக் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். சுட்ட கைகள் யாருடையவை? கூர்க்காக்களும் பலூச், சீக்கியப் படையினரும்.

இந்தக் கட்டடத்தில் எந்தக் கல்லை உருவினால் ஆடும் என்று கண்டுபிடித்ததுதான் காந்தியின் வேலை. அகிம்சையை நல்ல குணம் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் பிள்ளைகளுக்குப் புரிய மாட்டேன் என்கிறது. அது ஒரு வேலைமுறையும்கூட.

எங்கே கற்றார் என்று பாருங்கள். 1917, பீகாரில் சம்பாரண். ஒரு பீகா நிலம் என்பது இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைக்காகக் கட்டாயம் அவுரி, அதாவது நீலச் சாயச் செடி, போட வேண்டும். ஜெர்மனியின் செயற்கைச் சாயம் வந்து அவுரி விலை விழுந்ததும், "சரி, அவுரி போட வேண்டாம், அதற்குப் பதில் குத்தகையை ஏற்றிக் கொடு" என்றார்கள் துரைகள். நஷ்டத்தைக் குடியானவன் தலையில் கட்டினார்கள். ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி காந்தியை விடாமல் பின்தொடர்ந்து கூட்டிப்போனார். மாவட்டத்தை விட்டு வெளியேறு என்று உத்தரவு வந்தது. காந்தி மோதிஹாரி கோர்ட்டில் போய், ஆமாம், மீறினேன், தண்டனை கொடுங்கள் என்றார். மாஜிஸ்திரேட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் வழக்கையே திரும்பப் பெற்றார்கள்.

பிறகு பார்த்த வேலைதான் எனக்கு முக்கியம். ராஜேந்திர பிரசாத் போன்ற வக்கீல்களை உட்காரவைத்து ஆயிரக்கணக்கான விவசாயிகளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார். பக்கத்திலேயே போலீஸ்காரன் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். நிற்கட்டும் என்றார். துரை பெயரைச் சொல்லவே நடுங்கிய ஆள், போலீஸ்காரன் காதுபட, "என்னிடம் இவ்வளவு பிடுங்கினார்கள்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தான். பயம் அந்த மேஜையிலேயே பாதி போய்விட்டது. கடைசியில் துரைகள் திருப்பிக் கொடுத்தது கால் பங்குதான். போதும் என்று ஒப்புக்கொண்டார். பணத்தைவிடத் துரை பணம் திருப்பிக் கொடுத்தான் என்ற சேதிதான் ஊர் ஊராகப் போனது. 1918இல் அந்த மூன்று கட்டா முறையே சட்டப்படி ஒழிந்தது.

அடுத்தது 1920 நாக்பூர் காங்கிரஸ். நாலணா கொடுத்தால் யாரும் உறுப்பினர். மாகாணக் கமிட்டிகளை மொழிவாரியாக மாற்றினார்கள். அதுவரை வருடத்துக்கு மூன்று நாள் கூடி ஆங்கிலத்தில் தீர்மானம் போட்டுக் கலைந்த சபை அது. தமிழில் பேசுகிற கமிட்டி வந்த பிறகுதான் கும்பகோணத்துக்காரனுக்கும் அதில் வேலை வந்தது. மரத்தில் சோறு தொங்கியது பத்து வருட வேலையின் பலன்.

உப்பு வரி என்ன ஆனது என்று எதிரணி கேட்டால் பிள்ளை நேர்மையாகச் சொல்லட்டும். 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் வரி போகவில்லை. கடலோரத்தார் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகைதான் கிடைத்தது. வரி ஒழிந்தது 1947இல் இடைக்கால அரசு வந்த பிறகு. பொருளாகப் பார்த்தால் தோல்வி என்றே சொல்லலாம். ஆனால் ஜெயிலுக்குப் போனவர்கள் அறுபதாயிரத்துக்கு மேல். ஜெயிலுக்குப் போவது அவமானம் என்றிருந்த நாட்டில் அது கௌரவமாகிவிட்டால், பிறகு அரசாங்கத்தின் கையில் என்ன மிச்சம்?

நீலமலர் (சனி, மாலை 5.30)

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா. ஆனால் எல்லாரும் கல்கண்டாகவே கொடுத்துவிட்டால் எப்படி? நான் கொஞ்சம் கசப்பு கொடுக்கிறேன்.

1932. ஒடுக்கப்பட்டவர்கள் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி அவர்களுக்குக் கிடைத்தது. அதை எதிர்த்து ஏரவாடா ஜெயிலில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். யாருக்கு எதிராக? துப்பாக்கி வைத்திருந்த பிரிட்டனுக்கு எதிராகவா? அம்பேத்கர் கையெழுத்துப் போடாமல் அவர் செத்திருந்தால் சேரிகள் எரிந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். உண்ணாவிரதம் அகிம்சைதான், ஆனால் அதற்குப் பின்னால் யாருடைய வன்முறை பற்றிய பயம் வேலை செய்தது? உண்ணாவிரதத்தை முடித்துவைத்த பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் 71இலிருந்து 148 ஆனது உண்மை. ஆனால் அந்த 148 பேரைக் கடைசியில் தேர்ந்தெடுப்பது பொதுத் தொகுதி வாக்காளர்கள். அம்பேத்கர் இதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைப் பேச வேண்டியதில்லை. தெரிந்துகொண்டு பேசட்டும்.

மாசிவீதி (சனி, மாலை 5.52)

தீண்டாமை ஒழிப்புக்கு அவர் ஊர் ஊராக அலைந்ததையும் சொல்ல வேண்டாமா?

நீலமலர் (சனி, மாலை 6.10)

அலைந்தார். ஆனால் கேள்வி அலைச்சலைப் பற்றியது இல்லை சார். யார் யாருக்காக முடிவு எடுத்தார் என்பது.

பழையபேப்பர் (சனி, மாலை 6.47)

நீலமலர் சொல்வதில் எனக்குப் பதில் இல்லாத பகுதி இருக்கிறது. ஜெயிலில் பட்டினி கிடப்பவர் வெள்ளைக்காரனை நெருக்கும்போது அது ஆயுதம் இல்லாதவனின் ஆயுதம். தன்னைவிட ஆள்பலம் குறைந்தவரை நெருக்கும்போது அதே பட்டினிக்கு வேறு பெயர். அங்கே காந்தி தவறினார் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கேள்விக்கணை (சனி, இரவு 8.20)

இப்போதுதான் இழை சூடாகிறது. என் பங்குக்கு ஒன்று. சௌரி சௌரா, 1922 பிப்ரவரி. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குத் தீ வைத்து 22 போலீஸ்காரர்கள் செத்தார்கள். தேசம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த ஒத்துழையாமை இயக்கத்தைக் காந்தி ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். நேருவே ஜெயிலில் இருந்துகொண்டு கொதித்தார். அன்றைக்கு விட்டிருந்தால் 1922இலேயே கதை முடிந்திருக்கும். அந்த வழக்கில் முதலில் 172 பேருக்குத் தூக்குத் தண்டனை, மேல்முறையீட்டுக்குப் பிறகும் 19 பேர் தொங்கினார்கள். அவர்களுக்காக உங்கள் மகாத்மா என்ன செய்தார்?

இன்னொன்று. அகிம்சை வேலை செய்தது என்றால் எதிரில் இருந்தவன் பிரிட்டிஷ்காரன் என்பதால்தான். ஹிட்லரிடம் போய் உப்பு காய்ச்சிப் பாருங்கள்.

*(இந்த இடத்தில் இருந்த இரண்டு பதிவுகள் தனிநபர் தாக்குதல் காரணமாக நீக்கப்பட்டன. தலைவர்களைத் திட்டலாம், சக உறுப்பினரின் குடும்பத்தைத் திட்ட வேண்டாம். — மட்டுறுத்துநர்)*

பழையபேப்பர் (சனி, இரவு 9.35)

சௌரி சௌரா பற்றி நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்த 19 பேரை நாம் மறந்ததும் உண்மை. ஆனால் "1922இலேயே முடிந்திருக்கும்" என்பதை நான் ஏற்கவில்லை. 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் அதுதான் நடந்து பார்த்தது. தலைவர்கள் எல்லாரையும் ஆகஸ்ட் 9 விடியற்காலையிலேயே உள்ளே தள்ளிவிட்டார்கள், நிறுத்துவதற்கு வெளியே ஆள் இல்லை. தண்டவாளம் பெயர்ந்தது, தந்திக்கம்பி அறுந்தது. நம் பக்கத்திலேயே சூலூர் விமானத்தளம் எரிந்தது, குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். அரசு என்ன செய்தது? சில இடங்களில் விமானத்திலிருந்தே கூட்டத்தின்மேல் சுட்டது. சில வாரங்களில் அடக்கிவிட்டது. துப்பாக்கி விஷயத்தில் அவன் நம்மைவிடக் கெட்டிக்காரன்.

பிரிட்டிஷ்காரன் நல்லவன், அதனால்தான் அகிம்சை எடுபட்டது என்கிறீர்களா? 1930 மே 21, குஜராத்தின் தராசனாவைப் பாருங்கள். காந்தி ஜெயிலில். சரோஜினி நாயுடு தலைமையில் உப்புக்கிடங்கை நோக்கி வரிசையாக நடக்கிறார்கள். இரும்புப் பூண் போட்ட தடியால் மண்டையில் அடி. விழுந்தவரைத் தூக்கிப் போட்டதும் அடுத்த வரிசை வரும். வெப் மில்லர் என்ற அமெரிக்க நிருபர் அங்கே இருந்தார். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் 320 பேரை எண்ணினார், இருவர் செத்தார்கள். அவர் எழுதியது உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் வந்தது. நல்லவனாக இருந்ததால் அவன் கூசவில்லை. பார்க்க ஆள் இருந்ததால் கூசினான்.

சுடுகிற கை பற்றி முன்பு எழுதினேன் அல்லவா? 1930 ஏப்ரல் 23 பெஷாவர். எல்லை காந்தி எனப்பட்ட கான் அப்துல் கபார் கான் கைதான அன்று கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமில்லாத பட்டாணியர் கூட்டம். கார்வால் ரைபிள்ஸ் வீரர்களைச் சுடச் சொன்னார்கள். சந்திர சிங் கார்வாலியும் அவர் ஆட்களும் மாட்டோம் என்றார்கள். எதிரில் இருந்தவர்கள் முஸ்லிம்கள், மறுத்தவர்கள் மலைநாட்டு இந்துக்கள். கூட்டத்தில் யாராவது துப்பாக்கியைத் தூக்கியிருந்தால் அந்தச் சிப்பாய்கள் மறுத்திருப்பார்களா? கடற்படைக் கலகத்துக்குப் பதினாறு வருடம் முந்தைய கதை இது.

போரில் பிரிட்டன் நொடித்தது பற்றியும் கேட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். போர் முடிந்தபோது பிரிட்டன்தான் இந்தியாவுக்குக் கடன்காரன், நூறு கோடி பவுண்டுக்கு மேல். போர் இல்லாமல் 1947 வந்திருக்காது. ஆனால் நொடித்தவன் எல்லா இடத்தையும் விட்டு உடனே போகவில்லை. மலேயாவில் 1957, கென்யாவில் 1963 வரை இருந்தான். இங்கே தங்கிச் சண்டைபோட்டுக் கட்டுப்படியாகாது என்று அவனுக்கு ஏன் தோன்றியது? ஊர் ஊருக்கு ஆள் இருக்கிற ஒரு கட்சி இருந்தது.

நேதாஜியை எதிரணிக்கு மொத்தமாக விட்டுக்கொடுக்க வேண்டாம். தன் படைப்பிரிவுகளுக்குக் காந்தி, நேரு, ஆசாத் என்று பெயர் வைத்தவர் அவர். 1944 வானொலி உரையில் காந்தியைத் தேசத்தந்தை என்று அழைத்தவரும் அவரே. நமக்குத்தான் பட்டிமன்றம், அவர்களுக்கு இல்லை.

கேள்விக்கணை (சனி, இரவு 10.05)

பெஷாவர் எனக்குப் புதிது. படிக்கிறேன். கட்சி மாறவில்லை, சொல்லிவிட்டேன்.

கடலோடி (ஞாயிறு, காலை 8.12)

தென்னாப்பிரிக்காவை யாருமே தொடவில்லையே! இந்த வேலைமுறையை அவர் முதலில் சோதித்துப் பார்த்தது நம் ஆட்களை வைத்துத்தான். ஒப்பந்தம் முடிந்த கூலிக்கு வருடம் மூன்று பவுண்டு தலைவரி. 1913இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு இரண்டாயிரம் பேருக்கு மேல் எல்லை தாண்டி நடந்தார்கள். நிறையத் தமிழர்கள். தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், தில்லையாடியைப் பார்த்ததே இல்லை. ஜெயிலில் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது பதினாறு வயது. அந்த வருடமே தலைவரி போனது. வள்ளியம்மைக்கு உங்கள் மகளைவிட ஓரிரண்டு வயதுதான் கூட.

நீலமலர் (ஞாயிறு, காலை 9.20)

இதைப் பேசச் சொல்லுங்கள். தலைவரைவிட நடந்தவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கும் சண்டை இல்லை.

தேரடித்தெரு (ஞாயிறு, இரவு 8.45)

எல்லாருக்கும் நன்றி. முழு இழையையும் மகள் படித்துவிட்டாள். சிக்கல் என்னவென்றால் அவளுக்கு நான்கு நிமிடம்தான். எதை வைக்க, எதை விட?

மாசிவீதி (ஞாயிறு, இரவு 9.02)

மரத்தில் தொங்கிய சோற்றில் ஆரம்பித்து, வள்ளியம்மை, பெஷாவர், அவ்வளவுதான். அட்லி கதையை எதிரணி எடுத்தால் மட்டும். சம்பாரணை விட்டுவிடலாம், கணக்கு வழக்கு மேடையில் எடுபடாது.

தேரடித்தெரு (ஞாயிறு, இரவு 9.15)

கேட்டுப் பார்த்தேன். வள்ளியம்மையை வேண்டுமானால் தோழிக்குக் கொடுத்துவிடுவாளாம், சம்பாரணை விட மாட்டாளாம். கரும்பலகையில் இருபது கட்டம் போட்டு அதில் மூன்றுக்கு நீலச் சாக்பீஸ் அடிக்கப்போகிறாளாம். பட்டிமன்றத்தில் கரும்பலகைக்கு அனுமதி உண்டா என்று நாளை டீச்சரிடம் கேட்க வேண்டும்.